இரண்டு டாக்டர்களும் ஒரு படகும்

அடுத்தவர் கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பதுதான் என் தொழில். பார்த்துவிட்டு, ஆமாம் பார்த்தேன் என்று முத்திரை குத்துவேன். இதற்கு நோட்டரி என்று பெயர். நட்டுவைத்த வேலிக்கால்கூட இதைச் செய்யும், அதற்கு மூன்று வேளை சோறும் போட வேண்டியதில்லை என்பாள் என் மனைவி. முப்பத்தோரு வருஷமாக டுலாரே பக்கத்துப் பால்பண்ணைக்காரர்களின் சமையலறை மேஜைகளில் உட்கார்ந்து இந்த வேலிக்கால் உத்தியோகத்தைச் செய்துவருகிறேன்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை வெண்டல் போர்பா கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சு. இப்போது எழுநூறு மைல் தள்ளி ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறான். தன் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆகவே டிரஸ்டுக்கு இனி தான்தான் பொறுப்பு, அம்மா வீட்டை விற்கத் தரகர் பிடித்தாகிவிட்டது, வியாழக்கிழமை பத்து மணிக்கு அங்கே வந்து, பொறுப்பேற்கும் காகிதத்தில் தன் கையெழுத்துக்கு முத்திரை குத்த வேண்டும் என்றான். அம்மாவை எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். ஐடஹோவில் அருமையான முதியோர் விடுதி, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றான். அவன் அம்மா இடலினாவை ஊரே மரியாதையாக டோனா என்றுதான் கூப்பிடும். டோனா எண்பத்தொரு வருஷமாக மலை வேண்டும் என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வேலிக்கால் கருத்துச் சொல்லக் கூடாது. சரி என்றேன்.

இந்த டிரஸ்ட் சமாசாரம் எங்கள் பள்ளத்தாக்கில் வீடு வைத்திருக்கிற அத்தனை பேரிடமும் உண்டு. வீட்டை நம் பேரிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போனால், பிள்ளைகள் உள்ளே நுழைவதற்கு முன்னால் கோர்ட்டு நுழையும். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்து போகும். அதனால் உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் என்று ஒரு பெட்டி செய்து, வீட்டைப் பத்திரம் எழுதி அதற்குள் போட்டுவிடுவோம். கொடுக்கிறவரும் நாமே, காக்கிறவரும் நாமே, அனுபவிக்கிறவரும் நாமே. மூச்சு இருக்கிற வரைக்கும் எதையும் மாற்றலாம், மொத்தமாகக் கலைத்தும் விடலாம். நாம் போன பிறகோ, நம் புத்தி போன பிறகோ, அடுத்தபடியாக யார் பேர் எழுதியிருக்கிறதோ அவர் கைக்குப் பெட்டி போகும். கோர்ட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

புத்தி போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வரி உண்டு: இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். எல்லார் டிரஸ்டிலும் இருக்கிற வரி. யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. என்னுடையதை நானே படித்ததில்லை.

டோனாவும் அவர் புருஷன் அர்னால்டோவும் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியைச் செய்தார்கள். அடுத்த பேர் வெண்டல். ஒரே பிள்ளை, வேறு யாரைப் போடுவது?

இரண்டு டாக்டர் கடிதங்கள் வந்த கதை ஊருக்கே தெரியும். ஜூலை மாதம் டோனா பம்புசெட் பக்கத்தில் விழுந்து, இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தார். ஃபாரன்ஹீட்டில் நூற்றாறு டிகிரி. அந்த வழியாகப் போன பால் லாரிக்காரன் பார்த்துத் தூக்கினான். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்த நேரத்தில் ஒரு டாக்டர் இது என்ன வருஷம் என்று கேட்க, இவர் 1974 என்றார். அது முதல் கடிதம். இரண்டாவது டாக்டர் நேரில் வரவில்லை, போன் திரையில் முகம் பார்த்துப் பேசினார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது வெண்டல். புத்தியைச் சோதிக்க ஒரு கடிகாரம் வரைந்து காட்டச் சொன்னார். டோனா வட்டம் போட்டார், அதில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு என்று எழுதி நிறுத்திவிட்டார். ஐம்பது வருஷம் மாடு கறந்த வீடு. விடிகாலை இரண்டு மணிக்கு ஒரு கறவை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கறவை. மற்ற எண்களெல்லாம் அந்த வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தவை. டாக்டர் ஊர்க்காரர் இல்லை. பூஜ்யம் போட்டுவிட்டார். அது இரண்டாவது கடிதம்.

எனக்கு ஒரே ஒரு நல்ல பழக்கம் உண்டு. முத்திரை குத்தப் போகுமுன் மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போய், பத்திரத்தில் பேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை காலை பார்த்தேன். டோனாவின் வீட்டுக்குக் கடைசியாகப் பதிவான பத்திரம், வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்து, 'இடலினா போர்பா, விதவை' என்று அவர் சொந்தப் பேருக்கு மாற்றியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்திரத்தின் அடியில் முத்திரை. யாருடைய முத்திரை என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். துடைத்திருக்கவே வேண்டாம்.

அந்த வறட்சி வருஷம் ஞாபகம் வந்தது. ஊரில் பாதிக் கிணறு வற்றிப்போய், டோனா ஆழமாக ஒரு கிணறு தோண்டக் கடன் கேட்டார். வீடு டிரஸ்டுக்குள் இருந்தால் கொடுக்க மாட்டோம், வெளியே எடுங்கள், கடன் கையெழுத்தானதும் திரும்ப உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்றது வங்கி. வக்கீல் என்னிடம் இரண்டு பத்திரம் கொடுத்தனுப்பினார். வெளியே எடுக்க ஒன்று, உள்ளே போட ஒன்று. முதலாவதை அன்றே முடித்தேன். இரண்டாவதை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, டோனா கொடுத்த இனிப்பு ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் திருவிழா. அதற்கடுத்த வாரம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். வக்கீலும் காலமாகிவிட்டார், கேட்க ஆளில்லை. ரொட்டி நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, வெண்டல் கையில் இருப்பது பெட்டியின் சாவி. பெட்டிக்குள் வீடு இல்லை.

யாரிடம் முதலில் சொல்வது? கூப்பிட்டது வெண்டல். ஆனால் தப்புச் செய்தது டோனாவுக்கு. தப்பை யாருக்குச் செய்தோமோ அவரிடம்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். இதை நான் தர்மசிந்தனையால் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். வெண்டலை நினைத்தால் பயம், டோனாவை நினைத்தால் பசி. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டு முன்னால் 'விற்பனைக்கு' என்று ஆள் உயரப் பலகை நட்டிருந்தார்கள். டோனா அதன் குறுக்குக் கட்டையில் துவைத்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தரகருடைய சிரித்த முகத்தின் மேல் ஒரு துண்டு தொங்கியது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். கிளிப்பை வாயில் கவ்வியபடி கேட்டார். முடிந்ததும் கிளிப்பை எடுத்தார்.

"அப்ப வீடு யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல, டோனா."

"வெண்டலு கைல?"

"இல்ல."

"ஒம்பது வருசமா?"

"ஒம்பது வருசமா."

கிளிப்பைத் துண்டில் மாட்டினார். "எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. எல்மர் அவிலாகிட்ட ஒரு வேலைய குடுத்தா நிம்மதியா தூங்கலாம், அது நடக்கவே நடக்காதுன்னு. பாவம் மனுசன், உன்ன சரியா புரிஞ்சு வச்சிருந்தாரு." அப்புறம் என் கையில் ஈரப் போர்வையின் ஒரு முனையைக் கொடுத்துப் பிழியச் சொன்னார். மன்னிப்பு என்றால் எங்கள் ஊரில் இப்படித்தான் இருக்கும்.

அன்று மத்தியானமே டோனாவைப் பக்கத்து ஊரான ஹான்போர்டில் ஷியோங் என்ற வக்கீலம்மாவிடம் அழைத்துப்போனேன். சின்ன வயசுக்காரி, எல்லாவற்றையும் படிக்கிற பெண். எங்களுக்கு அது பழக்கமில்லாத விஷயம். வீடு டோனா பேரில் இருக்கிற வரை வெண்டல் அதை விற்க முடியாது என்றாள். ஆனால் ஒரு ஆபத்து. டிரஸ்டின் பின்னால் இருக்கிற சொத்துப் பட்டியலில் வீடு எழுதியிருக்கிறது. வெண்டல் கோர்ட்டுக்குப் போய், வீட்டைத் திரும்ப உள்ளே போட மறந்துவிட்டார்கள், அது டிரஸ்டுக்கென்று வைத்த சொத்துதான் என்று வாதாடினால், நீதிபதி ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வார். அதனால் அதற்குமுன் டிரஸ்டையே கலைத்துவிட வேண்டும். கலைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அப்போது டிரஸ்டியாக, அதாவது பெட்டியைக் காக்கிறவராக இருக்கிறவர் கையில் கொடுக்க வேண்டும். இப்போது அது வெண்டல். கொடுத்த நிமிஷத்தில் டிரஸ்ட் இல்லை.

"கையில குடுக்கணுமா?" என்றார் டோனா.

"ஆமா."

"நல்லது. தபால் செலவு இல்ல."

புத்தி தெளிவாக இருக்கிறவர்தான் கலைக்க முடியும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்றாள் வக்கீல். டோனாவை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவரும் குடும்ப டாக்டர் ஒருவர் இருக்கிறார். இத்தனை நாளில் அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கடிகாரமும் வரையச் சொன்னார். இந்தத் தடவை பன்னிரண்டு எண்ணையும் எழுதி, சின்ன முள், பெரிய முள், விநாடி முள் எல்லாம் போட்டு, கடிகாரக் கம்பெனி பேரை மட்டும் தனக்கு ஞாபகம் இல்லை என்று வருத்தப்பட்டாராம். டாக்டர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். கலைப்புக் கடிதத்தில் டோனா போட்ட கையெழுத்துக்கு நான் முத்திரை குத்தினேன். என் வாழ்நாளில் ஒரு கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் குத்திய முத்திரை அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வெண்டல் வந்தான். தரகரும் கூட வந்தார். பலகையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வயசானவர். பழுப்பு நிறத்தில் நல்ல ஷூ. வெண்டல் கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. எழுநூறு மைல் தனியாக வண்டி ஓட்டி வந்திருந்தான். டோனா எல்லாருக்கும் காபி ஊற்றினார், ரொட்டியும் லிங்குவீசாப் பன்றித் தொத்திறைச்சி வறுத்ததும் வைத்தார். வெண்டல் சாப்பிடவில்லை. இது எல்லாமே உனக்காகத்தான் அம்மா என்று ஆரம்பித்து, அந்த விடுதியில் இருபத்திநாலு மணி நேரமும் நர்ஸ், வாரம் இரண்டு நாள் பாட்டு, மலை என்று வரிசையாகச் சொன்னான். டோனா குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாததைப் பார்த்து நான்தான் பயந்துபோய் மூன்று துண்டு ரொட்டி தின்றுவிட்டேன்.

"ஆக, இப்ப நீதான் டிரஸ்டி?"

"ஆமாம்மா."

"சட்டப்படி?"

"ரெண்டு டாக்டர் லெட்டர் இருக்கு. உன் டிரஸ்ட்ல நீயும் அப்பாவும் எழுதினதுதான்."

"சரி. அப்ப டிரஸ்ட்ல இருக்கற சொத்த எடுத்துக்க. வா, காட்டறேன்."

எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். தரகருடைய ஷூ ஆட்டுப் புழுக்கையை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் மிதித்தது. பழைய கறவைக் கொட்டகைக்குப் பின்னால், காட்டுக் கடுகுச் செடிக்கு நடுவில், அர்னால்டோவின் படகு கிடந்தது. ஏரியில் மீன் பிடிக்கிறேன் என்று வாங்கி, இரண்டு தடவை இறக்கி, இரண்டு தடவையும் மூழ்கி, மூன்றாவது தடவைக்கு டோனா சம்மதிக்காத படகு. அதில் இப்போது கோழிகள் முட்டையிடுகின்றன.

"இதான்," என்றார் டோனா.

வெண்டல் படகைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு தரகரைப் பார்த்து, பாருங்கள், இதைத்தான் சொன்னேன் என்பதுபோலத் தலையை அசைத்தான். அந்தத் தலையசைப்பைத் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன். வேலிக்கால் பேசியது. பட்டியலில் இருந்த மாடுகள் விற்றாகிவிட்டன, வங்கிக் கணக்கு மூடியாகிவிட்டது, வீடு ஒன்பது வருஷத்துக்கு முன்பே வெளியே வந்து திரும்ப உள்ளே போகவில்லை, அதற்குக் காரணம் சாட்சாத் நான், மிச்சம் இந்தப் படகுதான் என்று சொல்லி, பதிவு அலுவலக நகலைக் கொடுத்தேன். தரகர் வாங்கிப் படித்தார். தொழில் தெரிந்தவர். இரண்டாவது வரியிலேயே கார்ச் சாவியைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

"நீ யாரு பக்கம்டா எல்மரு?" என்றான் வெண்டல்.

"எப்பவும்போல தப்புப் பக்கம்தான்டா. இந்த தடவ அது எப்படியோ சரியா வந்து நிக்குது."

டோனா ஏப்ரன் பையிலிருந்து கலைப்புக் கடிதத்தை எடுத்து வெண்டல் கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கிவிட்டார், சின்னப் பிள்ளை கையில் காசு கொடுப்பதுபோல. அவன் பிரித்துப் படித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"டிரஸ்ட கலைச்சிட்டேன். இப்ப படகும் உன்னுது இல்ல."

வெண்டலுக்குக் காது சிவந்தது. கோர்ட்டுக்குப் போகிறேன் என்றான். நீதிபதி உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிப்பார், அது நானாகத்தான் இருக்கும் என்றான்.

"போ. தேதி சொல்லு, சிவப்புக் கோட்டு போட்டுகிட்டு வரேன். அவரும் என்னக் கடிகாரம் வரையச் சொல்லட்டும். அவரு நேரம் நல்லா இருந்தா மணி அடிச்சே காட்டறேன்."

"வெளையாட்டா இருக்கா உனக்கு?" அவன் கடிதத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "ரெண்டு மணி நேரம் கெடந்திருக்கே. எனக்கு யாரு போன் பண்ணுனா தெரியுமா? பேர் தெரியாத பால் லாரிக்காரன். அம்மா இருக்காங்களான்னு கேக்கறேன், அவனுக்கு சொல்லத் தெரியல. அன்னைலேர்ந்து போனைக் கையில வச்சுக்கிட்டேதான் தூங்கறேன்."

கோழி ஒன்று படகிலிருந்து இறங்கிப் போயிற்று. டோனா பேசியபோது குரலில் கேலி இல்லை.

"கெடந்தேன்தான். தாகமா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு, உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். ஆனா என் நெலத்துல கெடந்தேன் வெண்டலு. உன்னோட அந்த எடத்துல விழுந்தா ரெண்டு நிமிசத்துல தூக்கிருவாங்க. தூக்கி எங்க வைப்பாங்க? திரும்ப அதே நாக்காலிலதான? நீ பயந்ததுக்கு நான் எதுக்குடா நாக்காலில உக்காரணும்?"

வெண்டல் காருக்குப் போனான். புழுதி அடங்க ரொம்ப நேரமாயிற்று. தரகர் பலகையைப் பிடுங்க வந்தார். துணி இன்னும் காயவில்லை, அரை மணி பொறுங்கள் என்றார் டோனா. அவரும் பொறுத்தார். ரொட்டியும் சாப்பிட்டார்.

ஜெயித்தாகிவிட்டது, இனி வீட்டை அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வக்கீல் விடவில்லை. டிரஸ்ட் இல்லாமல் விட்டால் உங்களுக்குப் பிறகு கோர்ட்டு நுழையும், புதிதாக ஒன்று எழுதுங்கள் என்றாள். அடுத்த வாரம் மூன்று பேரும் டோனாவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அடுத்த பேர் யார் என்று கேட்டாள். வெண்டல் என்றார் டோனா, யோசிக்காமல். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன்தான என் புள்ள? உங்க யார்கிட்டயாவது வேற புள்ள இருக்கா, எனக்குக் குடுக்க?"

ஆனால் அந்த இரண்டு டாக்டர் வரியை அடிக்கச் சொன்னார். தன் புத்தி போய்விட்டது என்று இனி இரண்டு பேர் சேர்ந்து எழுத வேண்டும். ஒருவர் குடும்ப டாக்டர். இன்னொருவர், நாற்பது வருஷம் தன் மாடுகளைப் பார்த்த கால்நடை டாக்டர் மென்டோன்சா. முகத்தைப் பார்த்தே எந்த உயிர் தேறும், எது தேறாது என்று சொல்கிறவர், இதுவரை ஒரு மாட்டையும் கடிகாரம் வரையச் சொன்னதில்லை. இப்படி எழுதலாமா என்று நான் வக்கீலைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் டிரஸ்ட், யார் தீர்ப்புச் சொல்வது என்று அவரே வைத்துக்கொள்ளலாம் என்றாள். டோனா இன்னும் முடிக்கவில்லை. அவர்களிடம் அந்தக் கடிதத்தைக் கேட்கிற உரிமை வெண்டலுக்கு எப்போது வரும் என்றால், அதற்குமுன் அவன் இந்த வீட்டில் தொடர்ந்து முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும். இங்கேயே தூங்கி, இங்கேயே சாப்பிட்டு.

"எனக்குப் புத்தி இருக்கா இல்லையான்னு அவன் சொல்லட்டும். பாத்துட்டு சொல்லட்டும்."

அன்று வீட்டைப் புதுப் பெட்டிக்குள் போடும் பத்திரத்தையும் கையோடு முடித்தேன். ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பதிவு அலுவலகத்துக்கு வண்டியை விட்டேன். அந்த மறுப்பு என் வாழ்க்கையின் வீரச் செயல்களில் ஒன்று. மொத்தம் இரண்டுதான்.

டிரஸ்டின் நகலை வெண்டலுக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் சத்தமில்லை. கோர்ட்டு நோட்டீஸ் வரும் என்று வக்கீல் எதிர்பார்த்தாள். அக்டோபர் ஆறாம் தேதி வெண்டலே வந்தான், ஒரு பெட்டியும் சொந்தத் தலையணையுமாக. முப்பது நாள் தங்கி, உள்ளதை உள்ளபடி பார்த்துவிட்டு, அந்தக் கடிதத்தைக் கேட்கப்போவதாக என்னிடமே சொன்னான். நாள்காட்டியில் சிவப்பு மையால் நாளை அடிக்க ஆரம்பித்தான். டோனா விடிகாலை ஐந்துக்கு அவன் போர்வையை உருவினார். வால்நட் அறுவடை அப்போது. அவனைப் பம்புசெட்டில் ஒரு நாள் கிரீஸும் கையுமாகப் பார்த்தேன், இன்னொரு நாள் வேலி கட்டிக்கொண்டிருந்தான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தன்னை ஒரு வேலையும் சரியாகச் செய்ய விடுவதில்லை, எல்லாவற்றிலும் நொட்டை சொல்கிறார் என்று கால் மணி நேரம் புலம்பினான். புத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கம்பியை எடுத்துக்கொண்டு வேலியின் மறுமுனைக்குப் போய்விட்டான்.

இருபத்தாறாம் நாள் டோனா போன் செய்து, முத்திரையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வக்கீலிடம் பேசியாகிவிட்டதாம், காகிதம் தயாராம். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு வரித் திருத்தம். முப்பது என்று இருந்த இடத்தில் அறுபது.

வெண்டல் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். "அறுபதா? டிசம்பர் வரைக்குமா? இதென்னம்மா அநியாயம்."

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் மாத்தலாம். இல்லயா எல்மரு?"

"மாத்தலாம், டோனா."

"நூறா ஆக்கினாலும்?"

"ஆக்கலாம்."

"நூறுன்னா நான் என் சாமானெல்லாம் எடுத்துட்டு வரணும்," என்றான் வெண்டல், வாணலியிடம். பிறகு மூன்று தட்டு எடுத்து வைத்தான்.

தொழில்முறைப்படி நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அடையாள அட்டை காட்டுங்கள். இது என்னவென்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா? தெரிந்துதான் என்றார். கடைசிக் கேள்வி, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?

டோனா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னையா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.